அரிசி டின்னில் வைத்த பாலன்

அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பேச்சு அதற்கும் முன்பே நின்றுவிட்டது என்று தங்கை கேலி செய்வாள். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. அப்படிப்பட்ட என்னை, அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணத்துக்கு முன், கீரனூரில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குச் சமைக்க அனுப்பினார்கள். அந்த ஐயா பாறையில் குழாய்க் கிணறு போடும் மெஷினோடு வந்தவர். வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். வீட்டில் அந்த அம்மாவும் ஆறு வயது மகளும்தான். நான் அங்கேயே தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் எங்கள் ஊர் ஆவூருக்கு பஸ் ஏறுவேன்.

அது அவர்களுக்கு இந்த ஊரில் முதல் கிறிஸ்துமஸ். மார்கழிக் குளிருக்கு நான் முந்தானையைப் போர்த்திக்கொண்டு அடுப்புப் பற்ற வைப்பேன். அந்த அம்மா அதே நேரத்தில் விசிறியோடு உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர் கொண்டுவந்த மெழுகுவத்திகள் பெட்டிக்குள்ளேயே வளைந்துபோயிருந்தன. சவுக்குக் கிளை ஒன்றை மணல் வாளியில் நட்டு, தலையணையைப் பிரித்து, இலவம்பஞ்சைப் பனி என்று ஒட்டினார். ஜன்னலைத் திறந்ததும் பனியெல்லாம் சமையலறைக்குப் பறந்து வந்தது. குழம்பில் விழாமல் ஓடி ஓடிப் பிடித்தேன்.

கிளைக்குக் கீழே மரத்தில் செதுக்கிய சின்னச் சுரூபங்களை வைத்தார். மாதா, சூசையப்பர், இரண்டு ஆடு, நடுவில் விரல் நீளத்துக்குப் பாலன் இயேசு. அங்கேதான் எனக்குத் திக்கென்றது. பண்டிகைக்கு இன்னும் பத்து நாள் கிடந்தது. எங்கள் ஊரில் இருபத்துநாலாம் தேதி ராத்திரி கோயில் மணி அடித்த பிறகுதான் குடிலில் பாலனை வைப்பார்கள். அதுவரை எங்கள் அம்மா துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருப்பார். பிறக்காத பிள்ளையை யாராவது படுக்க வைப்பார்களா?

பாவம், வெயிலில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் வீடு பெருக்கும்போது பாலனை எடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டேன். வீட்டிலேயே சுத்தமான இடம் அதுதான். கிறிஸ்தவர் வீடுதானே, காணோமென்றால் புரிந்துகொள்வார் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வீட்டையே புரட்டினார்கள். அவர்கள் பேசியது எனக்கு விளங்காததால், கத்தரிக்கோலைத் தேடுகிறார்கள் என்று நானும் கூடச் சேர்ந்து தேடினேன். பிறகு அந்த அம்மா கிளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாப்பாதான் என்னிடம் வந்து சொன்னது. தெருப் பிள்ளைகளோடு விளையாடி அது நம் தமிழை நன்றாகப் பிடித்திருந்தது.

"அக்கா, குட்டிச் சாமியைக் காணோம். அது எங்க தாத்தா செஞ்சது. தாத்தா செத்துப்போயிட்டாரு."

அதற்குள் வாசலில் அவர்கள் வீட்டு ஜீப் டிரைவரின் குரல் கேட்டது. அந்த வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றும் அக்காவை நிறுத்தி வைத்திருந்தார். குடத்தோடு கூடத்தைத் தாண்டிப் போகிறவள் அவள் ஒருத்திதான், அதனால் அவள்தான் எடுத்திருப்பாள் என்று அம்மாவிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டாராம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடமும் சொன்னார்.

"குடத்தைத் தவிர இந்த வீட்ல நான் எதையும் தூக்குனதில்ல" என்றாள் அந்த அக்கா. கத்தவில்லை. சமையலறைக்கு வந்து குடத்தை இறக்கினாள். "ஏ புள்ள, தெனமும் பாக்குறீயே, நீயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நான் அரிசி டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் போய்விட்டாள். மூன்று பிள்ளைகள் அவளுக்கு.

இருந்த இடத்தில் பாலனைச் சத்தமில்லாமல் வைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வைத்தால், பயந்துபோய்த் திருப்பி வைத்தாள் என்று அந்த அக்காவைத்தான் சொல்வார்கள். வெளியே சொன்னால் நான் திருடி. துணியோடு பாலனைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"பாப்பா, அம்மாகிட்ட சொல்லு. நான்தான் எடுத்து வச்சேன். இன்னும் பொறக்கல, அதான்."

பாப்பா அதை அவர்கள் பாஷையில் சொன்னது. அம்மா துணியைப் பிரித்துப் பார்த்தார். எனக்கு ஊருக்குப் போகிற பஸ்தான் ஞாபகம் வந்தது. பிறகு என்னமோ கேட்டார்.

"அப்ப எப்பத்தான் பொறக்கும்னு அம்மா கேக்குறாங்க" என்றது பாப்பா.

"இருபத்துநாலாம் தேதி ராத்திரி."

அந்த அம்மா குழந்தையைத் திரும்பத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, பாப்பாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு, வெயிலில் பொதுக் கிணற்றுக்கு நடந்தார். அங்கே அத்தனை பெண்களுக்கு முன்னால் அந்த அக்காவைப் பார்த்து, "தப்பு. என் தப்பு" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். மீதியை நான் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அந்த அக்கா உடனே இறங்கி வரவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டே, "ரெண்டு நா கழிச்சு வாரேன்னு சொல்லு. அதுவரைக்கும் அவங்களே எறச்சுக்கட்டும்" என்றாள். இரண்டு நாளும் நானும் அந்த அம்மாவும்தான் இறைத்தோம். அம்மாவின் உள்ளங்கை கொப்பளித்துப்போனது. டிரைவர் உதவிக்கு வந்தபோது, வேண்டாம் என்று அம்மா கையைக் காட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் அக்கா வந்தாள். இருபத்துநாலாம் தேதி நான் ஊருக்குப் புறப்பட வேண்டும். பாப்பா ராத்திரி மணி அடிக்கும்வரை விழித்திருக்காது. அதனால் பொழுது சாயும்போதே பிறக்கட்டும் என்று நான்தான் விதியைத் தளர்த்தினேன். வளைந்த மெழுகுவத்திகளை ஏற்றினோம். ஐயாவும் வந்திருந்தார். குடத்தோடு நின்ற அக்காவைத்தான் பாலனை வைக்கச் சொன்னார் அம்மா.

"எனக்கெதுக்கு, கையெல்லாம் ஈரம்" என்று சொல்லிக்கொண்டே அவள் புடவையில் கையைத் துடைத்தாள்.

வெளியே ஜீப் நின்றது. பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிடச் சொல்லியிருந்தார்கள். ஏறுவதற்கு முன், "டிரைவரண்ணே, அந்தக்காகிட்ட நீங்களும் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் வண்டியை ஸ்டார்ட் பண்ணினார், பிறகு நிறுத்தினார். நான் ஜீப்பில் காத்திருக்க, அவர் இறங்கி வீட்டுக்குள் போனார்.