முனியம்மா திருப்பி அனுப்பிய பருப்பு

திருத்தணியில் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து உணவு வங்கி ஒன்று நடத்துகிறோம். கடைக்காரர்கள் தரும் அரிசி, பருப்பு, காய்கறிகளைச் சுற்றியுள்ள பள்ளிகளின் மதிய உணவுக்குக் கொடுப்போம். பெரிய புண்ணியம் செய்வதாக எனக்குள் ஒரு பெருமை.

ஒரு நாள் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் பருப்பு மூட்டையை இறக்கினேன். அங்கே சமைக்கும் முனியம்மா அக்கா மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். விரலெல்லாம் வண்டு.

"இத எடுத்துகினு போயிடுங்க சார்."

"சும்மா வந்ததுதானேக்கா? புடைச்சிட்டுப் போடுங்களேன்" என்றேன் எரிச்சலாக.

"பசியில இருக்கிற பசங்க எத போட்டாலும் துன்னுடும் சார். அதனாலதான் நான் பாத்துப் போடணும்."

மூட்டையைத் திரும்ப வண்டியில் வைத்தேன். கடையில் அதை ஏற்றும்போதே வண்டு ஓடியதை நான் பார்த்திருந்தேன்.

சாப்பாட்டு வேளை வரை அங்கேயே இருந்தேன். அன்று சாம்பார் தண்ணீராக இருந்தது. "பருப்பே இல்லையேக்கா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"ஆங், இன்னிக்கு கம்மிதான் கண்ணு. நாளைக்கு சார் நல்லதா எடுத்துகினு வருவாரு."

திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அன்று மாலையே கடை கடையாக ஏறி இறங்கினேன். மறுநாள் அக்கா அடுப்புப் பற்றவைக்கும் முன்பே சுத்தமான பருப்போடு போய் நின்றேன்.

இப்போதெல்லாம் பிரித்துப் பார்க்காமல் எந்த மூட்டையையும் நான் ஏற்றுவதில்லை. தானத்தில் குறை சொல்கிறேன் என்று சில கடைக்காரர்களுக்குக் கோபம். இருக்கட்டும். அந்தப் பிள்ளைகள் எதையும் சோதித்துப் பார்த்துச் சாப்பிடுவதில்லை. எங்களை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள்.