கிரீஸ் போட்ட கை

பெரியப்பா நூல் மில்லில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை செய்தது ஒரே வேலைதான்: இயந்திரங்களுக்குக் கிரீஸ் போடுவது. கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிள் கண்ட இடத்திலெல்லாம் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவார். பழைய கிரீஸ் பிதுங்கி வந்ததும் துணியால் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். அவர் வீட்டில் ஒரு கதவும் கிறீச்சிட்டதில்லை.

சித்தப்பா வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது தன் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை அண்ணன் பொறுப்பில் விட்டுப் போனார். இரண்டே இருக்கை, துணிக்கூரை. கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவருக்கு அதுதான் குடும்பம். அன்றிலிருந்து பெரியப்பா ஞாயிறுதோறும் அதை ஓட்டினார். மாதம் தவறாமல் முன்சக்கரங்களுக்குக் கிரீஸ் போட்டார்.

"என் முட்டியிலயும் ஒரு நிப்பிள் இருந்திருந்தா கவனிச்சிருப்பீங்க" என்பார் பெரியம்மா.

"வாய்க்கு மட்டும் தேவைப்படாது. அது நல்லாவே ஓடுது."

சித்தப்பா ஊரோடு வந்துவிடப் போவதாகவும், வந்த கையோடு காரில் மலை ஏறப் போவதாகவும் போனில் சொன்னார். அந்த வாரம்தான் ஸ்டியரிங் ஆடத் தொடங்கியது.

மெக்கானிக் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தார். கடகடவென்றது. கழற்றினார். சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனை ஒரு பித்தளை மூட்டுக்குள் திருகியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் திருகு மரையில்தான் சுழலும். மூட்டின் வாயில் கிரீஸ் களிமண்ணாக இறுகிக் கிடந்தது. உள்ளே சொட்டு ஈரமில்லை. தண்டின் மரை மழுங்கிப் போயிருந்தது.

"இதுல என்ன சார் போட்டீங்க?"

"கிரீஸ்தான். முதல் தரம்."

"இதுக்குக் கெட்டி ஆயில் விடணும் சார். கிரீஸ் உள்ள இறங்காது, வாசல்லயே அடைச்சுக்கும்."

"நிப்பிள் இருக்கேப்பா?"

"இருக்கு. அதப் பார்த்துத்தான் எல்லாரும் கிரீஸ் அடிச்சிடறாங்க. அதான் வம்பே."

புது மூட்டு வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். தேய்ந்த மரையில் அதுவும் ஆடியது. புதுத் தண்டு எங்கே விசாரித்தும் கிடைக்கவில்லை.

"லேத்துல கடைஞ்சு வாங்கிடலாமா?"

"வளைவுல ஒடிஞ்சா சக்கரம் உள்ள மடங்கிடும். உசிரு சமாசாரம். நான் மாட்ட மாட்டேன் சார்."

காரைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெரியப்பாவுக்குச் செய்ய வேறொன்றும் தோன்றவில்லை. கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்தார்.

சித்தப்பா பெட்டியை இறக்கிய உடனே காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"சாவியக் குடுண்ணே."

"முன்சக்கரம் சரியில்லடா. எடுக்காத."

"நீ பார்த்துக்கிட்ட வண்டியா? மாசாமாசம் கிரீஸ் போட்டேன்னு போன்ல சொல்லுவியே!"

"போட்டேன்டா. அதனாலதான்."

சித்தப்பா தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். நீட்டிய கையை மடக்கவில்லை. பெரியப்பா சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, காரை மறித்தாற்போல் பம்பருக்கு முன்னால் போய் நின்றார்.