கேமராவுக்கு வைத்த பொட்டு

இன்று நெமிலிச்சேரியில் ஒரு வளைகாப்புக்குப் படமெடுக்கப் போயிருந்தேன்.

முதல் வளையல் போடும் நேரம் பார்த்து என் கேமரா ஆன் ஆகவில்லை. வேறு பேட்டரி போட்டும் அசையவில்லை.

“இன்னா தம்பி, நல்ல காரியத்துல இப்டி நின்னுப்போச்சே?” என்றார் பெண்ணின் மாமியார். கூடத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

மணையில் உட்கார்ந்திருந்த பெண் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “எதுனா கெட்ட சகுனமாண்ணா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

கேமராவைக் கவிழ்த்துப் பார்த்தேன். போன வாரம் ஆயுத பூஜைக்கு என் அம்மா அப்பிய சந்தனம், பேட்டரி மூடியின் இடுக்கில் காய்ந்து கிடந்தது. மூடி முழுசாக மூடாமல் கேமரா எப்படி ஆன் ஆகும்?

அந்தப் பெண்ணே தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிக் கொடுத்தாள். சுரண்டிவிட்டு மூடினேன். ஆன் ஆனது.

நான் காரணத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். “கண்ணு பட்டுகீது தம்பி. இத்த காட்டு, ஒரு பொட்டு வச்சிர்றேன்.”

அந்தப் பெண் இன்னும் பயத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேமராவை நீட்டினேன்.

நீங்களாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்களா? சொல்லுங்கள். நான் கேமராவைத் துடைத்துக்கொண்டே உங்கள் பதில்களைப் படிக்கிறேன்.