துரைக்கு வைத்த பொட்டு

ஐம்பத்திரண்டாவது கொண்டை ஊசி வளைவின் பலகையைத் தாண்டும்போது வலது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். மொத்தம் எழுபது வளைவு. இறங்குகிறவனுக்கு எண் குறைந்துகொண்டே வரும். பஸ்ஸுக்கு நின்றிருக்கலாம். ஆனால் பஸ் நிற்பது அந்த பங்களாவின் கேட்டுக்கு எதிரில்தான். அங்கே நிற்க மனமில்லை.

குண்டூர் நாட்டுப் பக்கம், மிளகுக் கொடிகளுக்கு நடுவில் இருந்தது அந்த பங்களா. சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது. நான் அங்கே காவலாள், தோட்டக்காரன், மோட்டார் போடுகிறவன், எல்லாம். எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நாலைந்து மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் ரப்பர் தோட்டம், போர்வெல் லாரியோடு வடக்கே கொஞ்ச காலம். இங்கேயும் ஆடியில் வந்து தீபாவளிக்குள் கிளம்புவதாகத்தான் இருந்தேன். சேர்ந்த அன்றே, போலீஸ் கேட்பார்கள் என்று முதலாளி என் ஆதார் அட்டையை வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

முதலாளி சேலத்துக்காரர். அதட்டிப் பேசத் தெரியாதவர். என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அவருக்குப் பழைய வெள்ளைக்காரப் படங்கள் மேல் பைத்தியம். ஏலத்தில் எடுத்து எடுத்துக் கூடம் முழுக்க மாட்டியிருந்தார். சுருள் சுருளாகப் பொய்முடி வைத்த துரைகள், கழுத்தைத் திருப்ப முடியாதபடி காலர் கட்டிய துரைகள், நாய்க்கூட்டத்தோடு நரியைத் துரத்தும் குதிரைக்காரர்கள், பாய்மரக் கப்பல்கள். இரண்டு மூன்றுதான் எண்ணெய்ச் சாயத்தில் தீட்டியவை. மற்றவை செம்புத் தகட்டில் கோடு கீறி, மை தடவி, தாளில் அச்செடுத்தவை என்று அவர்தான் சொன்னார். துடைக்கும்போது கிட்டப் போய்ப் பார்ப்பேன். தூரத்தில் கன்னமாகவும் பட்டுச் சட்டையாகவும் தெரிவதெல்லாம் கிட்டத்தில் வெறும் கோடு. நிழல் வேண்டிய இடத்தில் கோட்டின் மேல் குறுக்கே கோடு, கோழிக் கூண்டின் கம்பி மாதிரி.

ஒரு படத்தில் மரத்தடியில் நாற்காலி போட்டு ஒரு துரை உட்கார்ந்திருப்பார். பின்னால் குடை பிடிக்க ஒருவன், விசிற ஒருவன், இரண்டு பேரும் தலைப்பாகை கட்டிய நம் ஆட்கள். துரையின் கன்னத்து மரு வரை தெரியும். குடை பிடித்தவனுக்கு மூக்கும் வாயும் இரண்டு கீறல்தான். செதுக்கியவனுக்கு அவ்வளவுதான் நேரமிருந்ததோ என்னவோ.

ஆயுத பூஜை வந்தது. ஜீப், மோட்டார், மண்வெட்டி, கேஸ் அடுப்பு என்று எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கை ஓடிய ஓட்டத்தில் கூடத்துக்கும் போய்விட்டேன். எங்கள் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டிய முகம் என்றால் சாமி, இல்லாவிட்டால் செத்துப்போனவர். இரண்டு பேருக்கும் பொட்டு உண்டு. துரைகள் எல்லாரும் செத்தவர்கள்தானே என்று வரிசையாக நெற்றியில் வைத்துக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு தடித்த துரை. அந்தப் படத்தின் கண்ணாடி போன வாரம்தான் உடைந்திருந்தது. புதிது இன்னும் வரவில்லை. விரல் பட்டதும் தாள் என்று தெரிந்துவிட்டது. சந்தனம் ஊறி, குங்குமம் மூக்கு வரை இறங்கியது.

சமையலுக்கு வரும் மலைக்கார அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூக்குல அடிபட்டாப்புல இருக்குதே! தொரைக்கு ஒத்தடம் குடு சாமி."

முதலாளி திட்டவில்லை. வெகுநேரம் படத்தையே பார்த்தார். "இதச் சரி பண்ற ஆளு சென்னைல இருக்காரு கண்ணு. அவரு வந்து சரி பண்ற வரைக்கும் நீ இருந்துதான் ஆகோணும்" என்றார். தப்பு என்னுடையது. சரிங்க என்றேன்.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது, மார்கழிப் பனியும் போனது. வாரம் தவறாமல் கேட்டேன். "அவரு வாராருங்களா?" "சொல்லியிருக்கறேன் கண்ணு." கேட்டுக்குப் பூட்டு இல்லை. யாரும் என்னைக் கட்டிப் போடவில்லை. ஆனால் அட்டை இல்லாதவனைக் கம்பெனி வாசலில்கூட விடமாட்டார்கள். மலை விளிம்பில் நின்று, கீழே லாரிகள் எறும்பாகப் போவதைப் பார்ப்பேன். திரும்பி வந்து மோட்டார் போடுவேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடும்.

பொங்கல் விடுமுறைக்கு விருந்தாளிகள் வந்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே செடி வெட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே முதலாளியின் குரல் கேட்டது. "இந்தத் தொரைய மலைக்காரங்க சாமியாவே கும்புடறாங்க. பரம்பரையாப் பொட்டு வெக்கறாங்க. அழிக்கப்படாதுங்கறாங்க." எட்டிப் பார்த்தேன். அந்தப் படத்துக்கு மட்டும் தனி விளக்குப் போட்டிருந்தார். விருந்தாளிகள் செல்போனை நீட்டி நீட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவிடம் சொன்னேன். கிழங்கு நறுக்குவதை நிறுத்தினார். "எங்க சாமி எங்க கோயல்ல இருக்குது. இந்தத் தொப்பக்காரனுக்கு எதுக்கு எங்க பேரு? சென்னைக்காரன் வாரானாம்! எவனையும் கூப்புட்டிருக்க மாட்டாரு, போ. படம் சரியாயிருச்சுன்னா அவுருக்குத்தான நட்டம்?"

மறுநாள் காலை முதலாளி ஒரு புது வேட்டியும் சிவப்புத் தலைப்பாகையும் கொண்டுவந்து கொடுத்தார். "வெள்ளிக்கெழமையானா விருந்தாளிங்க முன்னால கற்பூரம் காட்டீரு கண்ணு. பேசவே வேண்டாம், சும்மா நின்னாப் போதும்."

"நான் மலைக்காரன் இல்லீங்களே. தாரமங்கலமுங்க."

"அது அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

"அட்டையக் குடுத்துருங்க. நான் போறேனுங்க."

"படம் சரியாகட்டும் கண்ணு" என்றார், அதே மெதுவான குரலில். டிராயர் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

அவர் போனபிறகு தலைப்பாகையை வைத்துப் பார்த்தேன். மரத்தடித் துரை படத்தின் கண்ணாடியில் என் உருவம் விழுந்தது. தலைப்பாகை தெரிந்தது, முகம் சரியாகத் தெரியவில்லை. அதைக் கழற்றி வேட்டியோடு நாற்காலியில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அட்டை போனால் போகட்டும் என்று எந்த வளைவில் முடிவெடுத்தேன் என்பது நினைவில்லை. காளப்பநாயக்கன்பட்டி போய்ச் சேரும்போது கால் கொப்பளித்திருந்தது. பஸ் நிறுத்தத்திலேயே படுத்தேன். காலையில் டீக்கடை முன்னால் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது, இறக்கும் ஆள் வரவில்லை என்று டிரைவர் புலம்பிக்கொண்டிருந்தார். நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"ஆதார் கீதார் வெச்சிருக்கறயா?"

"இல்லீங்க. ஒருத்தருகிட்ட மாட்டிக்கிச்சுங்க."

"கெழங்கு அதெல்லாம் கேக்காது. ஏறு."

அன்று பகல் முழுவதும் மண்ணோடு இருந்த கிழங்கைக் கூடை கூடையாகக் கழுவும் தொட்டியில் கொட்டினேன். வேலை முடிந்ததும், நாளைக்கும் வருவாயா என்று மேஸ்திரி கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.