அப்பாவின் இரும்புக் கொக்கியோடு சைதாப்பேட்டையிலிருந்து கோடம்பாக்கம் வரை

ஊர் சுற்றப் போன கதை இல்லை இது. எங்கள் அடையாறு வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் முடிந்த அலைச்சல். பழைய பட்டறைச் சாமான் ஏதாவது கையில் வைத்துக்கொண்டு 'இது என்ன?' என்று முழிப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவின் தாத்தா சைதாப்பேட்டையில் கொல்லர். அவர் விட்டுப்போனது ஒரே ஒரு கருவி: இரண்டரை அடி இரும்புத் தண்டு, அதன் நடுவில் ஆடும் வளைந்த கொக்கி. அப்பா இருந்தவரை ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைப்பார். போன மாதம் அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டேன். பெரியப்பா மகன் உடனே எழுதினான்: "வெள்ளைக்காரன் காலத்து ஜெயில் சாமான். கைதி கழுத்துல மாட்டி இழுக்கறது."

அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. "மனுஷனை வதைச்ச இரும்புக்கா இத்தனை வருஷம் பொட்டு வெச்சோம்? ஆத்துல போட்டுட்டு வா."

"ரெண்டு நாள் குடும்மா" என்றேன்.

சனிக்கிழமை காலை அதைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு முதலில் மயிலாப்பூர் போனேன். பழம்பொருள் கடைக்காரர் பார்த்ததுமே, "தொங்கு விளக்கு மாட்றது" என்றார். தூக்கிப் பிடித்துக் காட்டினேன். கொக்கி ஒரு பக்கமாகச் சரிந்து ஆடியது. விளக்கு மாட்டினால் எண்ணெய் தரையில்தான். அவரே சிரித்துவிட்டார்.

அடுத்து சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் ரஃபி பாயின் பட்டறை. "நான் இரும்பு கேட்டு, ஜன்னல் கிரில்லு பண்றவன்மா. இந்த மாரி பாத்ததே இல்ல" என்றார். எனக்கு விட மனமில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொக்கியின் உள்வளைவு மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"கழுத்துல மாட்டினா இரும்பு இப்படித் தேயுமா பாய்?"

அவர் கட்டைவிரலால் தடவினார். "சான்ஸே இல்ல. இரும்பை இரும்பு இழுத்திருக்கு. அந்தக் காலத்துக் கொல்லர்னா மாட்டுவண்டி வேலதான் ஜாஸ்தி. கோடம்பாக்கத்துல சினிமாக்கு மாட்டுவண்டி வாடகைக்கு விடற குடோன் ஒண்ணு கீது. அங்க கேட்டுப் பாரு."

மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தம், ஐந்து ரூபாய் டிக்கெட். குடோனை நடத்தும் செல்வி அக்காவிடம் அம்மா சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கும் கருவியின் பெயர் தெரியவில்லை. ஆனால் முற்றத்தில் ஒரு வண்டிச் சக்கரம் கிடந்தது, மரத்தைச் சுற்றிய இரும்புப் பட்டா பாதி கழன்றபடி. இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கருவியை அதில் இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தோம். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, கொக்கி பட்டாவின் வெளி விளிம்பைக் கவ்வியது. தண்டின் நுனி மரத்தில் ஊன்றியது. இழுத்தேன். பட்டா முனகிக்கொண்டே மரத்தின் மேல் ஏறியது.

"அக்கா! ஏறுதுக்கா!" என்று கத்திவிட்டேன்.

"நாளைக்கு வேற சக்கரத்துக்குப் பட்டா காய்ச்சி மாட்றோம். அம்மாவைக் கூட்டினு வா" என்றார் அவர்.

ஞாயிறு காலை ஆட்டோவில் அம்மாவுடன் போனேன். வட்டமாக மூட்டிய நெருப்பில் பட்டா சிவந்து கிடந்தது. மூன்று பேர் அதை இடுக்கியால் தூக்கி வந்து சக்கரத்தில் வைத்தார்கள். ஒரு பக்கம் ஏறாமல் நின்றது. மரம் கருகத் தொடங்கியது. ஒருவர் எங்கள் கொக்கியை மாட்டி இழுக்க, பட்டா ணங்கென்று உட்கார்ந்தது. தண்ணீர் ஊற்றினார்கள், ஒரே ஆவி. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள்.

இந்த மாதிரி தேடிப் போகிறவர்களுக்கு: போட்டோவை நம்பாதீர்கள், பொருளையே கொண்டு போங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். துணியில் நன்றாகச் சுற்றுங்கள். மெட்ரோ வேண்டாம், பை சோதனையில் விளக்கம் சொல்லியே பொழுது போய்விடும். முக்கியமாக, யாராவது அடித்துச் சொல்கிறார்கள் என்பதற்காக எதையும் ஆற்றில் போடாதீர்கள்.

கிளம்பும்போது செல்வி அக்கா தயங்கிக் கேட்டார்: "இன்னும் நாலு சக்கரம் பாக்கி கீதும்மா. இது இங்கயே இருக்கட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "வெச்சுக்கோ. சும்மா மட்டும் போட்டு வெக்காத."