கவிழ்த்த அன்னக்கூடை

அன்று நடந்தது, வரிசைப்படி:

1. திருமலைராயன்பட்டினத்துக் குளம் ஒன்றிலிருந்து ஜிலேபிக் கெண்டைகள் நீல டிரம்மில் உயிரோடு புறப்பட்டன.
2. லோடு ஆட்டோ தலத்தெரு முனைக்கு வந்தபோது தண்ணீர் கலங்கி நாறியது. பெரும்பாலான மீன்கள் மல்லாந்து மிதந்தன.
3. அங்கே காத்திருந்த மீன்கார அக்கா டிரம்முக்குள் கையை விட்டு ஒரு மீனை எடுத்து முகர்ந்து பார்த்தார்.
4. தன் அலுமினிய அன்னக்கூடையைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

நான்காவதுதான் என் மனதில் நிற்கிறது. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து தெருத்தெருவாக மீன் விற்க வரும் பெண்கள், வியாபாரம் முடிந்த பிறகுதான் கூடையைக் கவிழ்ப்பார்கள். கவிழ்த்துவிட்டால் அன்றைக்கு அவர்களிடம் யாரும் மீன் கேட்கக் கூடாது. அக்கா ஒரு மீன்கூட விற்காமல் கவிழ்த்தார். வாசலில் தட்டோடு நின்ற பெண்கள் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்கள். கூடையின் அடிப்பக்கம் முழுக்கச் சொட்டை. வெயிலில் அது பளபளத்தது.

நான் மீன்வளம் படித்தவள். வீட்டுக்குப் பின்னால் சின்னக் குளம் வைத்து மீன் வளர்ப்பவர்கள் சேர்ந்து தொடங்கிய குழுவில் தொழில்நுட்ப அலுவலராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதுவரை வெளியூர் வேன்தான் அவர்களுக்குக் கதி. வேன் நிறையும் அளவுக்கு மீன் இருந்தால்தான் அது வரும். அது வருகிற நாளில் குளத்தை மொத்தமாக இறைத்து, வேன்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, ஒவ்வொரு குளமாக முறை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து உள்ளூரிலேயே உயிரோடு விற்கலாம் என்பது என் திட்டம். கடலில் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது கூடைக்காரப் பெண்களிடம் விற்க எதுவும் இருக்காது. குளத்தில் மீன் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் போதும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மீன் ஏன் செத்தது என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. குளத்துக்காரர் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். குழுவின் தலைவரும் அவர்தான். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல ஊரே அவரை நானா என்று கூப்பிடும். மீன் பிடிக்கிற அன்று காலையில் தவிட்டையும் புண்ணாக்கையும் வழக்கத்தைவிடத் தாராளமாகக் கொட்டியிருந்தார்.

"பட்டினியா அனுப்ப மனசு வரலம்மா" என்றார், சங்கடமாகச் சிரித்தபடி. "வீட்டுலேர்ந்து யார் கெளம்புனாலும் சாப்புட வச்சுத்தானே அனுப்புறோம்?"

வயிறு நிறைந்த மீன் டிரம் தண்ணீரை அசுத்தமாக்கும், அந்தத் தண்ணீரிலேயே மூச்சுத் திணறிச் சாகும் என்று விளக்கினேன். ஒரு நாள் தீனி நிறுத்தி, போர்வெல் தண்ணீர்த் தொட்டியில் விட்டுவைத்தால் சேற்று வாடையும் போகும். அவர் தலையாட்டினார். குளப் பக்கத்துக் கணக்கு எனக்குச் சரியாகிவிட்டது. தெருப் பக்கம்தான் மிச்சம் இருந்தது.

மறுநாள் குளத்தங்கரைக் கொட்டகையில் கூட்டம். அக்காவை நான் அழைத்திருந்தேன். தடைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. போன தடைக்காலத்தில் அவர் மீனை விட்டுவிட்டுத் திருப்பூரில் மகள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது வாடிக்கை வீடுகளில் பாதி கோழிக்கறிக்கு மாறியிருந்தன. இந்த முறையும் போனால் மீதியும் போய்விடும்.

ஆனாலும் அவர் கெஞ்ச வரவில்லை. "விக்கிறேன். கமிஷன் வாங்கிக்கிற ஆளா இல்ல. குழுவுல ஒரு ஆளா" என்றார்.

கொட்டகை சலசலத்தது. எங்கோ அச்சடித்து வந்த விதிமுறையில், குளம் உள்ளவர்தான் உறுப்பினர்.

"கொளம் இல்லாதவங்களுக்குக் குழுவுல என்னங்க வேலை?" என்று நானா கேட்டார்.

"நேத்து அந்த நாத்த மீனை நான் வித்திருந்தா ஒங்களுக்கு என்ன நானா போச்சு? ஒங்க கொளம் இங்கனயேதான் கெடக்கும். தெருவுல ஏச்சு வாங்குறது நானு. அந்த வூடுங்கள்ல என் கூடைய எட்டிப் பாக்காமலே தட்ட நீட்டுவாங்க. அந்த நம்பிக்கைய நான் எடுத்தாரேன், நீங்க மீன எடுத்தாங்க. ஒரு கூடைய நெரப்புறதுக்கு ரெண்டும் வேணும்."

முதலில் ஒரு முறை விற்றுப் பார்ப்போம், பிறகு விதியைப் பற்றிப் பேசுவோம் என்று நான் சொன்னேன். இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

இந்த முறை மீன்கள் தொட்டியில் வெறும் வயிற்றோடு கிடந்தன. நானா தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அக்கா விடவில்லை.

"என்ன நானா, மீனுக்கும் நோம்பு வச்சுட்டீங்களா?"

"வச்சுட்டேன். தொறக்கத்தான் அதுக்குக் குடுத்து வைக்கல" என்றார் நானா. கொட்டகையே சிரித்தது.

தலத்தெருவில் டிரம்மைத் திறந்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது. அக்கா அன்னக்கூடையில் கொஞ்சம் தண்ணீரோடு மீனை எடுத்துத் தலையில் சும்மாட்டின் மேல் வைத்தார். உள்ளே மீன் துள்ளத் துள்ள அவர் தோளெல்லாம் நனைந்தது. முதல் வீட்டுப் பெண் வழக்கம்போல் தட்டை நீட்டவில்லை.

"கொளத்து மீனாக்கா? சேத்து வாடை அடிக்குமே!"

"அடிச்சா நாளைக்கு என் கூடைய நீயே தெருவுல தூக்கி எறி. இப்ப தட்ட எடுத்தா."

மறுநாள் நாங்கள் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது, அக்கா குரல் கொடுப்பதற்கு முன்பே அந்தப் பெண் வாசலில் தட்டோடு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரியும் கூட நின்றாள். நானா ஆட்டோவுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வர வேண்டிய அவசியமே இல்லை. வந்திருந்தார்.

விதியைத் திருத்தும் தீர்மானத்தை நான்தான் எழுதினேன். மீனை வளர்ப்பவரும் விற்பவரும் உறுப்பினர், இருவருக்கும் ஒரே ஓட்டு. பொதுக்குழுவில் படித்து முடித்ததும் சிலர் தரையைப் பார்த்தார்கள். முதலில் கை தூக்கியவர் நானா. "இந்தம்மா கூடைய கவுத்தா நம்ம கொளத்தையே கவுத்த மாதிரிங்க" என்றார். பிறகு மற்றக் கைகளும் உயர்ந்தன.

இப்போதைய நிலை இதுதான். தடைக்காலம் நடக்கிறது. படகுகள் கரையில் நிற்கின்றன. குளங்களில் முறைப்படி மீன் பிடிக்கிறோம். வெளியூர் வேன் மிச்சத்துக்குத்தான் வருகிறது. அக்கா இந்த ஆண்டு திருப்பூருக்குப் போகவில்லை. குழுவின் நிர்வாகத்தில் இருக்கிறார், கூடையையும் விடவில்லை. நான் இதை எழுதும் கொட்டகை வாசலில் அவருடைய அன்னக்கூடை கவிழ்ந்து கிடக்கிறது, விளிம்பில் இன்னும் ஈரம். மீன் தீர்ந்துவிட்டது.