சரக்கு ஊத்தாத பஞ்ச்

சக்கரபாணியைப் பார்த்ததுமே ராமகிருஷ்ணனுக்கு வயித்தெரிச்சல் பத்திக்கிச்சு. நெத்தி நிறைய விபூதி, கழுத்துல ருத்ராட்சம். மாப்பிள்ளைக்குத் தாய்மாமனாம். இன்னைக்குப் பொண்ணு கவிநிலாவுக்கு நிச்சயம், வந்தவங்களை வாங்கன்னுதான் சொல்லணும். சொன்னார். அந்த ஆள் உட்காரக்கூட இல்லை, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டான்.

"பௌர்ணமி தவறாம மலை சுத்தற குடும்பம் எங்களுது. குடி, கூத்துன்னு இருக்கற வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டோம்."

அடப்பாவி! ராமகிருஷ்ணன் பல்லைக் கடிச்சார். பாண்டிச்சேரி பார்ல, பதினோரு வருஷம், மாசாமாசம் இரண்டாவது சனிக்கிழமை, மூலை டேபிள்ல உட்கார்ந்து மூக்குமுட்டக் குடிச்ச ஆளு இவன். ஊத்திக் கொடுத்தவரே ராமகிருஷ்ணன்தான். குடிக்கறவன் ஊத்தறவன் மூஞ்சியை எங்கே பார்த்தான்?

கீழ்பென்னாத்தூர்ல அரை ஏக்கர் மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, நம்பி வயிறு ரொம்பாதுன்னு பத்தொன்பது வயசுல பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினவர் ராமகிருஷ்ணன். கிளாஸ் கழுவப் போய், கவுன்டருக்கு வந்து, முப்பத்தோரு வருஷம் ஊத்தினார். ருசி பார்க்க நாக்குல வைப்பார், துப்பிடுவார். ஒரு சொட்டு தொண்டைக்குள்ள போனதில்லை. இருந்தும் அவர் சம்சாரம் ஜோதியம்மாள், மாப்பிள்ளை வீட்ல "ஓட்டல் மேனேஜர்"னு சொல்லி வெச்சிருந்தா. "இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா உங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன். வாயைத் தொறக்காதீங்க"ன்னு காலையிலயே மிரட்டியும் இருந்தா. ஏற்கெனவே ரெண்டு இடம் அவர் தொழிலாலேயே தட்டிப்போயிருந்தது. அந்தச் சோறு தின்னுதானே கவிநிலா காலேஜ் முடிச்சா? கேட்டா யார் பதில் சொல்றது!

இதுல பால் வேற திரிஞ்சுபோச்சு. மே மாச வெயில், பன்னிரண்டு லிட்டரும் போச்சு. தட்டு மாத்த இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, முப்பது பேருக்குக் குடிக்க ஒண்ணுமில்லை. ஜோதியம்மாள் தலையில கைவெச்சு உட்கார்ந்துட்டா.

"தள்ளு"ன்னார்.

எலுமிச்சம்பழத்துல மேல்தோலை மட்டும் மெலிசா சீவினார். வெள்ளை ஒட்டினா கசக்கும். அதைச் சக்கரையில போட்டு நசுக்கி மூடிவெச்சார். முக்கால் மணி நேரத்துல தோல்ல இருக்கற எண்ணெய் இறங்கி சக்கரை ஈரமாச்சு. அதுல சாறு பிழிஞ்சு, ஆறின டீ டிக்காஷனும் தண்ணியும் ஊத்தி, மேல ஜாதிக்காயைத் துருவினார். இதோட சாராயம் சேர்ந்தா பஞ்ச். கப்பல்ல வந்த வெள்ளைக்காரன் கொண்டாந்த பீர் வெயில்ல புளிச்சுப்போக, இங்கே கிடைச்ச சாராயத்தையும் வெல்லத்தையும் எலுமிச்சையையும் அண்டாவுல கலக்கிக் குடிச்சானாம். பார்ல வேலை பார்க்கறவங்க சொல்ற கதை. ரம் வந்தது அப்புறம்தான். எல்லாம் இங்கே கிடைச்ச சாமான், மெனு கார்டுல மட்டும் வெள்ளைக்காரன் கப்பல் படம்! நினைச்சாலே அவருக்குக் கோபம் வரும்.

அன்னைக்கு அவர் சரக்கு ஊத்தலை. வீட்ல சரக்கே கிடையாது.

எல்லாரும் குடிச்சாங்க. மாப்பிள்ளையோட அம்மா சரோஜா ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினாங்க. சக்கரபாணி டம்ளரை மூக்குகிட்ட கொண்டுபோனான். அந்த மூலை டேபிள்ல மோந்த அதே வாசனை. அப்படியே நின்னான். நிமிர்ந்து ராமகிருஷ்ணனை உத்துப் பார்த்தான். முகம் வெளுத்துச்சு, அப்புறம் சிவந்துச்சு. டம்ளரை டங்குனு கீழே வெச்சான்.

"யோவ், மேனேஜரா நீ? பார்ல சாராயம் ஊத்தறவன்தானே! நிச்சயத்துலயே கலந்து குடுக்கறியா? அக்கா, எழுந்திரு. இந்த வீட்ல பொண்ணு வேணாம்."

கூட்டம் டம்ளரைத் தள்ளி வெச்சது. ஜோதியம்மாள் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. கவிநிலா கதவோரமா நின்னு அப்பாவையே பார்த்தா. அந்தப் பார்வைதான் அவரைக் கொன்னுது.

"இதுல சரக்கு இல்லைங்க"ன்னார் சரோஜாகிட்ட. "ஆனா நான் மேனேஜர் இல்லை. அவர் சொன்னது நிஜம், பார்லதான் ஊத்தினேன். பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க. நான் குடிக்க மாட்டேன்."

"ஊத்தறவன் குடிக்க மாட்டானாம்! யார் காதுல பூ சுத்தறே?" சக்கரபாணி துள்ளினான். "அப்போ யார்தான் குடிச்சா? எங்க ஜனத்துல எவனாவது உன் பார்ல வந்து குடிச்சானா? பேரைச் சொல்லு பார்ப்போம்!"

நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பேரு, டேபிள், எத்தனை ரவுண்டு, எல்லாமே வந்துச்சு. ஆனா கவுன்டர்ல பார்த்ததைக் கட்டின பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாத மனுஷன் அவர். முப்பத்தோரு வருஷத்துல மிச்சம் வெச்சிருந்த கௌரவம் அது ஒண்ணுதான்.

"சொல்ல மாட்டேன். யார் குடிச்சாங்கன்னு வெளிய சொல்றது எங்க தொழில்ல கிடையாது"ன்னார், அவன் கண்ணையே பார்த்து. "நீங்க பயப்படாம உட்காருங்க."

சரோஜா மெதுவாத் திரும்பித் தம்பியைப் பார்த்தாங்க. சக்கரபாணி கழுத்து ருத்ராட்சத்தைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"தம்பி, நீ போய் வேன்ல உட்காரு"ன்னாங்க சரோஜா. "சம்பந்தி, நேரமாவுது. தட்டை எடுத்துட்டு வாங்க."